‘அனதர் பெர்ஃபெக்ட் டே’ (1983): ஒரு மோட்டர்ஹெட் ஆல்பம் ஒதுக்கிவைக்கப்பட்ட கதை — நிகழ்வு ஆய்வு

பிரிட்டிஷ் ராக் குழுவான மோட்டர்ஹெட்டின் ரசிகரிடம் பிடித்த ஆல்பங்களைக் கேட்டால் ‘ஓவர்கில்’, ‘ஏஸ் ஆஃப் ஸ்பேட்ஸ்’, ‘நோ ஸ்லீப் டில் ஹேமர்ஸ்மித்’ என்று தடையில்லாமல் வரும். 1983 ஜூன் 4 அன்று வெளியான ‘அனதர் பெர்ஃபெக்ட் டே’ அந்த வரிசையில் பெரும்பாலும் இருக்காது. இருந்தாலும், “அது அந்த தின் லிஸி குழுவிலிருந்து வந்த ஆள் வாசித்ததுதானே” என்ற முனகலோடுதான் வரும். பத்துப் பாட்டு, 44 நிமிடம், ஒரே ஒரு கிட்டார்க்காரர், அவரும் ஆண்டு முடிவதற்குள் வெளியே.

இந்தத் தட்டைப் பற்றி வழக்கமாகச் சொல்லப்படும் தீர்ப்பு, “மெட்டல் குழு மெலடிக்குப் போனது, ரசிகர்கள் கைவிட்டார்கள்” என்பது. பாதிதான் சரி. தட்டில் இருக்கும் இசையையும், அந்தக் கோடையில் மேடையில் நடந்ததையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தால் வேறு கதை தெரிகிறது. தட்டில் பெரிய குறை ஒன்றும் இல்லை. அடி வாங்கியது மேடையில். அந்தப் பழி தட்டின் மேல் விழுந்து அப்படியே ஒட்டிக்கொண்டது.

கிளார்க் போனார், ராபர்ட்சன் வந்தார்

லெம்மி கில்மிஸ்டர் 1975-இல் ஹாக்விண்ட் குழுவிலிருந்து நீக்கப்பட்ட கையோடு தொடங்கியது மோட்டர்ஹெட். சீக்கிரமே நிலைத்த அணி இது: பேஸ் கிட்டாரும் குரலும் லெம்மி, கிட்டார் எடி கிளார்க், டிரம்ஸ் ஃபில் டெய்லர். இந்த மூவர் அணிதான் 1979-இல் ‘ஓவர்கில்’, ‘பாம்பர்’ என இரண்டு ஆல்பம், 1980-இல் ‘ஏஸ் ஆஃப் ஸ்பேட்ஸ்’, 1981-இல் ‘நோ ஸ்லீப் டில் ஹேமர்ஸ்மித்’ என்ற நேரடிப் பதிவு என்று வரிசையாகக் கொடுத்தது. கடைசியாகச் சொன்னது பிரிட்டிஷ் ஆல்பம் விற்பனைப் பட்டியலில் நேராக முதலிடத்தில் வந்து உட்கார்ந்தது. இவ்வளவு சத்தமான குழுவுக்கு அப்படி ஒரு இடம் கிடைக்கும் என்று யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

உச்சிக்குப் போனவர்களுக்கு அடுத்த தட்டுதான் சோதனை. 1982 ஏப்ரலில் வந்த ‘அயர்ன் ஃபிஸ்ட்’டைத் தயாரித்தவர்களில் கிளார்க்கும் ஒருவர், வில் ரீட் டிக் கூட இருந்தார். பட்டியலில் 6-ஆம் இடம் கிடைத்தும், அவசரத்தில் செய்த வேலை என்ற பெயர்தான் மிஞ்சியது. லெம்மியே பின்னாளில் அதைக் குறைத்துத்தான் பேசினார். அடுத்த மாதமே அமெரிக்கச் சுற்றுப்பயணத்தின் நடுவில் பிளாஸ்மாட்டிக்ஸ் பாடகி வெண்டி ஓ. வில்லியம்ஸுடன் ‘ஸ்டாண்ட் பை யுவர் மேன்’ என்ற கன்ட்ரி பாட்டைப் பதிவு செய்ய உட்கார்ந்தார்கள். அந்தப் பதிவின் தரம் கிளார்க்குக்குப் பிடிக்கவில்லை. சண்டை முற்றி, சுற்றுப்பயணம் முடியும் முன்பே அவர் விலகினார்.

தேதிகள் பாக்கி இருந்தன, கிட்டார் வாசிக்க ஆள் இல்லை. அவசரமாக அழைக்கப்பட்டவர் பிரையன் ராபர்ட்சன். ஸ்காட்லாந்துக்காரர். 1974-இல், 18 வயதில் தின் லிஸியில் சேர்ந்து, ஸ்காட் கோரமுடன் ஜோடி கிட்டார் வாசித்துப் பெயர் எடுத்தவர். பிறகு ஜிம்மி பெய்னுடன் வைல்ட் ஹார்ஸஸ் நடத்தியவர். ஒரே ஒரு ஆல்பத்துக்கு மட்டும்தான் ஒப்பந்தம் போட்டார். இந்த ஒரு வரியை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்: குழுவின் பழைய சரக்கைக் காப்பாற்றுவது தன் வேலை என்று அவர் நினைக்கக் காரணமே இல்லை.

ஸ்டுடியோவில் என்ன மாறியது

பதிவு 1983-இன் தொடக்க மாதங்களில் நடந்தது. இடம் லண்டனின் ஒலிம்பிக் ஸ்டுடியோவும், த ஹூ குழுவின் பீட் டவுன்ஷெண்டுக்குச் சொந்தமான ஈல் பை ஸ்டுடியோவும். தயாரிப்பாளர் டோனி பிளாட். ஏசி/டிசி குழுவின் ‘ஹைவே டு ஹெல்’, ‘பேக் இன் பிளாக்’ இரண்டிலும் ஒலிப்பொறியாளராக வேலை பார்த்தவர். கிட்டாருக்கும் டிரம்ஸுக்கும் நடுவே காற்று ஓட விடுவது எப்படி என்று தெரிந்தவர். பாட்டுகள் பத்திலும் மூவர் பெயரும் சேர்ந்தே போடப்பட்டது.

பழைய மோட்டர்ஹெட் ஒலி எப்படிக் கட்டப்பட்டது என்று தெரியாமல் இந்த மாற்றம் புரியாது. அந்த ஒலியின் மையம் கிட்டார் இல்லை, லெம்மியின் பேஸ். ரிக்கன்பேக்கர் பேஸை 100 வாட் மார்ஷல் சூப்பர் பேஸ் ஆம்பில் போட்டு வாசிப்பார். அவற்றில் ஒன்றுக்கு ‘மர்டர் ஒன்’ என்று பெயரே உண்டு. ஆம்பில் அவர் வைக்கும் நிலை விசித்திரமானது: பேஸ் குமிழ் முழுக்க மூடியிருக்கும், ட்ரெபிள் குமிழும் மூடியிருக்கும், மிடில் மட்டும் முழுக்கத் திறந்திருக்கும். சத்தம் முக்கால் அளவுக்கு மேல். அதோடு பிக் வைத்து, இரண்டு மூன்று கம்பிகளைச் சேர்த்து அடித்து, கார்டாகவே வாசிப்பார். முதலில் கிட்டார் வாசித்துப் பழகிய கை அது.

இதன் விளைவைக் கணக்காகவே சொல்லலாம். பேஸின் கடைசிக் கம்பி 41 ஹெர்ட்ஸ், கிட்டாரின் கடைசிக் கம்பி 82 ஹெர்ட்ஸ். லெம்மி ஆம்பின் அடிப்பகுதியை மூடி நடுப்பகுதியைத் திறந்து டிஸ்டார்ஷன் (ஒலி உடைந்து வரும் கரகரப்பு) ஏற்றும்போது அவர் ஒலியின் பலம் முழுக்கச் சில நூறு ஹெர்ட்ஸில் தொடங்கி மேலே போகிறது. ரிதம் கிட்டார் வழக்கமாக உட்காரும் இடமும் அதுதான். கிளார்க் அதே இடத்தில் தன் ரிஃபையும் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரி) போட்டார். இரண்டும் ஒன்றோடொன்று கரைந்து ஒரே சுவராக வரும். எது பேஸ், எது கிட்டார் என்று பிரிக்க முடியாத அந்த இரைச்சல்தான் குழுவின் முத்திரை.

ராபர்ட்சன் அந்தச் சுவரில் செங்கல் ஆக மறுத்தார். லெம்மிதான் ஏற்கெனவே ரிதம் கிட்டார் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாரே, நான் எதற்கு அதையே செய்ய வேண்டும் என்பதுபோல், அவர் மேல் கம்பிகளுக்கு ஏறினார். கம்பி கம்பியாக உடைத்து வாசிக்கும் கார்டுகள், ஒலியை லேசாக ஆட்டி இரட்டிப்பாக்கும் கோரஸ் எஃபெக்ட் போட்ட மினுமினுப்பு, ஒன்றின் மேல் ஒன்றாக ஏற்றிய கிட்டார் அடுக்குகள், நீண்டு இழுபடும் சோலோக்கள். காலால் ஆட்டி ஒலியின் நிறத்தை மாற்றும் வா-வா பெடலை ஆட்டாமல் பாதியில் நிறுத்தி, மூக்கால் பேசுவதுபோல ஒரு ஒலி எடுப்பது தின் லிஸி நாள்களிலிருந்தே அவர் கையிருப்பு.

இப்படி அடுக்கடுக்காக ஏற்ற நேரம் பிடிக்கும். மூன்று பேரும் சேர்ந்து வாசித்து முடித்துவிட்டு பப்புக்குப் போகும் குழு அது. ஒரு ஆள் மட்டும் மணிக்கணக்கில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கிட்டார் மேல் கிட்டார் ஏற்றிக்கொண்டிருந்தால் மற்றவர்களுக்குப் பொறுமை போகத்தான் செய்யும். லெம்மி அந்த நாள்களைச் சித்திரவதை என்றே நினைவுகூர்ந்தார். ஆனால் வந்த தட்டை அவர் குறை சொல்லவில்லை. நல்ல ஆல்பம் என்றே பின்னாளில் பேசினார். இரண்டையும் ஒரே மனிதர் சொன்னார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

நீளத்திலும் மாற்றம். ‘ஏஸ் ஆஃப் ஸ்பேட்ஸ்’ 12 பாட்டு, 37 நிமிடத்துக்கும் குறைவு. சராசரியாகப் பாட்டுக்கு 3 நிமிடம். இங்கே 10 பாட்டுக்கு 44 நிமிடம். சராசரி 4 நிமிடம் 25 விநாடி. மூன்று பாட்டுகள் 5 நிமிடத்தைத் தாண்டுகின்றன. கூடுதலாக வந்த நேரம் எல்லாம் சோலோவுக்கும் பாட்டின் முகப்புக்கும் போனது.

வினைல் வாங்கியவர்களுக்கு இதில் ஒரு தொல்லை உண்டு. எல்.பி.யின் ஒரு பக்கத்தில் 18 நிமிடம் இருந்தால் ஊசி ஓடும் பள்ளக்கோடுகளை அகலமாக, ஆழமாக வெட்டலாம். சத்தமும் தாழ்ந்த சுரங்களின் ஒலியும் தாராளமாகக் கிடைக்கும். பக்கம் 22 நிமிடமானால் கோடுகள் நெருங்கும், வெட்டும் மட்டத்தைக் குறைத்தாக வேண்டும். பழைய தட்டுகளுக்குப் பக்கத்தில் வைத்து ஒரே வால்யூமில் போட்டால் இது கொஞ்சம் ஒல்லியாகக் கேட்பதற்கு இசையும் காரணம், இந்தக் கணக்கும் காரணம். ஆம்பை ஒரு கோடு ஏற்றி வைத்துவிட்டு ஒப்பிட்டால் வழக்கு பாதி தள்ளுபடியாகிவிடும்.

பாட்டுகளுக்குள்

முதல் பாட்டு ‘பேக் அட் த ஃபன்னி ஃபார்ம்’ பழைய ஆளுக்கும் புது ஆளுக்கும் நடுவில் பாலம். வேகம் பழையது, லெம்மியின் பேஸ் முன்னால் நிற்கிறது, மனநல விடுதியில் கண் விழித்தவனின் குழப்பம் வரிகளில். ஆனால் மேலே ஓடும் கிட்டார் ரிஃபைத் தொடர்ந்து போகவில்லை. அது பாட்டுக்குத் தனி வழியில் போய்க்கொண்டே இருக்கிறது. இரண்டாவதான ‘ஷைன்’ 3 நிமிடச் சிங்கிள். வானொலிக்குச் செய்தது என்று தெரிந்தும் துள்ளல் குறையவில்லை.

மூன்றாவது பாட்டில்தான் விஷயம் தெளிவாகிறது. ‘டான்சிங் ஆன் யுவர் கிரேவ்’ பெயருக்குச் சாபம், கேட்பதற்குக் கிட்டத்தட்ட அழகு. கிட்டாரின் முகப்பு உடைத்து வாசித்த கார்டுகளால் ஆனது. அதன் கீழே டெய்லர் இரட்டை பேஸ் டிரம்மைக் கட்டவிழ்த்துவிடாமல் நிதானமாக நடக்கிறார். வஞ்சம் தீர்க்கும் வரிகளை லெம்மி கத்தாமல், ஏறக்குறைய பேசுவதுபோலப் பாடுகிறார். இப்படி ஒரு இடம் ‘ஏஸ் ஆஃப் ஸ்பேட்ஸ்’ தட்டில் எங்கும் இல்லை. ‘ராக் இட்’டில் பியானோவே கேட்கிறது. மெட்டல் தட்டில் பியானோவா என்று புருவம் உயர்த்தியவர்கள், லெம்மி வாழ்நாள் முழுக்கத் தன் குழுவை ராக் அண்ட் ரோல் குழு என்றுதான் அறிமுகப்படுத்தினார் என்பதை மறந்தவர்கள். லிட்டில் ரிச்சர்டைக் கேட்டு வளர்ந்தவருக்குப் பியானோ அந்நியம் இல்லை.

முதல் பக்கம் ‘ஒன் ட்ராக் மைண்ட்’டில் முடிகிறது. கிட்டத்தட்ட 6 நிமிடம், மந்தமான நடை, ஒரே ரிஃபைத் திரும்பத் திரும்ப அரைக்கிறது. பலருக்கு இங்கேதான் சலிப்பு தட்டும். சோலோ ஒரு சுற்று கூடுதலாகவே ஓடுகிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். தயாரிப்பாளர் ஒரு நிமிடத்தைக் கத்தரித்திருந்தால் பாட்டு கூர்மையாகியிருக்கும். தட்டின் பலவீனம் என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் இந்த இடம்தான். வேறெங்கோ தேட வேண்டியதில்லை.

தலைப்புப் பாட்டு இரண்டாம் பக்கத்தைத் திறக்கிறது. ப்ளூஸ் வாடை அடிக்கும் நடுத்தர வேகம், வரிகளில் கசப்பான எகத்தாளம். ‘மார்ச்சிங் ஆஃப் டு வார்’, ‘டேல்ஸ் ஆஃப் குளோரி’ இரண்டும் பழைய ரசிகருக்கு விட்டுக்கொடுத்தவை. இரண்டாவது 3 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். கடைசியில் வரும் ‘டை யூ பாஸ்டர்ட்!’ வேகத்தைத் தேடி வந்தவருக்கு.

எல்லாவற்றுக்கும் நடுவில் ‘ஐ காட் மைன்’. தட்டைப் பரிந்துரைக்க ஒரே பாட்டு போதும் என்றால் இதைத்தான் சொல்ல வேண்டும். கோரஸ் போட்ட கிட்டாரின் மணியொலி போன்ற முகப்பு, பிறகு பேஸ் உள்ளே விழும் அந்த இடம், காதல் பாட்டு என்று சொல்லத் தயங்க வைக்கும் குரல். ஐந்தரை நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. ஒவ்வொரு சுற்றிலும் கிட்டார் பின்னணியில் கொஞ்சம் வேறாக எதையாவது செய்துகொண்டிருப்பதால் நீளம் தெரிவதில்லை. லெம்மியின் கரகரத்த குரலுக்கு அடியில் இவ்வளவு இனிப்பு வைத்தால் திகட்டும் என்று தோன்றும், திகட்டவில்லை. அந்தக் கரகரப்பே புளியாக வேலை செய்து இனிப்பைச் சமன்படுத்திவிடுகிறது.

இடம் 20 என்பது தோல்வியா?

எண்களைக் கொஞ்சம் பார்க்கலாம். ‘அனதர் பெர்ஃபெக்ட் டே’ பிரிட்டிஷ் பட்டியலில் தொட்ட உயரம் 20. முந்தைய மூன்றும் 4, 1, 6 என்று இருந்ததால் இது சரிவாகத் தெரிந்தது. ஆனால் இன்று எல்லாரும் கொண்டாடும் ‘ஓவர்கில்’ 1979-இல் தொட்டது 24-தான். இடத்தை வைத்து மட்டும் தட்டை எடை போட்டால் ‘ஓவர்கில்’ இதைவிடக் கீழே!

சிங்கிள்கள் மெய்யாகவே சரிந்தன. மே மாதம் வந்த ‘ஐ காட் மைன்’ 46-இலும், ஜூலையில் ‘ஷைன்’ 59-இலும் நின்றன. 1981-இல் ‘மோட்டர்ஹெட்’ பாட்டின் நேரடிப் பதிவு 6-ஆம் இடத்துக்குப் போன குழு இது. இதில் ஒரு பங்கு காலத்துக்கும் உண்டு. 1983-இல் பிரிட்டிஷ் மெட்டல் அலை வடிந்துகொண்டிருந்தது. வேகத்தைத் தேடிய இளைஞர்களுக்கு அதே ஜூலையில் அமெரிக்காவிலிருந்து மெட்டாலிகாவின் முதல் தட்டு வந்தது. அதன் டிரம்மர் லார்ஸ் உல்ரிக் மோட்டர்ஹெட்டின் வெறியர். பழைய மோட்டர்ஹெட்டிடம் கற்ற வேகத்தைப் பிள்ளைகள் எடுத்துக்கொண்டு முன்னால் ஓடிய அதே மாதங்களில் குழு மெதுவாக, இனிமையாக வாசித்துக்கொண்டிருந்தது. நேரம் ஒத்துவரவில்லை.

இவை எல்லாம் சேர்ந்தும், ஒரு தட்டை நாற்பது வருடம் ஒதுக்கிவைக்கப் போதாது.

மான்செஸ்டர், ஜூன் 10

ஆல்பம் கடைக்கு வந்து ஆறே நாளில் மான்செஸ்டர் அப்பல்லோவில் நடந்த நிகழ்ச்சி பதிவாகியிருக்கிறது. 2006-இல் வந்த டீலக்ஸ் பதிப்பின் இரண்டாவது குறுந்தகடு அதுதான். அந்த ஒரே இரவின் பாட்டு வரிசையைப் பார்த்தாலே என்ன நடந்தது என்று விளங்கிவிடும்.

புதிய தட்டின் 10 பாட்டுகளில் 9 வாசிக்கப்பட்டன. ‘டை யூ பாஸ்டர்ட்!’ மட்டும் இல்லை. நிகழ்ச்சியில் ஏறக்குறைய பாதி, அரங்கில் உள்ளவர்கள் பெரும்பாலும் ஒரு வாரம்கூடக் கேட்டிராத பாட்டு. பழையதில் எவற்றை எடுத்தார்கள்? ‘ஹார்ட் ஆஃப் ஸ்டோன்’, ‘கோ டு ஹெல்’, ‘அமெரிக்கா’, ‘டோன்ட் நீட் ரிலிஜியன்’. நான்கும் ‘அயர்ன் ஃபிஸ்ட்’டிலிருந்து, அதாவது குழுவே சரியாக வரவில்லை என்று ஒத்துக்கொண்ட தட்டிலிருந்து. ‘ஏஸ் ஆஃப் ஸ்பேட்ஸ்’ ஆல்பத்திலிருந்து ‘ஷூட் யூ இன் த பேக்’, ‘பைட் த புல்லட்’, ‘த சேஸ் இஸ் பெட்டர் தன் த கேட்ச்’ வந்தன. அந்த ஆல்பத்தின் தலைப்புப் பாட்டு வரவில்லை. ‘ஓவர்கில்’ இல்லை. ‘பாம்பர்’ இல்லை. குழுவின் பெயரைத் தாங்கிய பாட்டும் இல்லை.

காரணம் ராபர்ட்சன். அந்தப் பாட்டுகளை வாசிக்க மாட்டேன் என்றார். அவர் பக்கத்து நியாயம் புரியாததல்ல: அடுத்தவர் ரிஃபை நகல் எடுக்க அவர் வரவில்லை. ஆனால் டிக்கெட் வாங்கியவர் ‘ஓவர்கில்’லுக்காக வந்திருக்கிறார். தட்டில் புதியது பிடிக்காவிட்டால் வீட்டில் ஊசியைத் தூக்கி வைத்துவிடலாம். அரங்கில் அதற்கு வழி இல்லை. ஒன்றரை மணி நேரம் நின்றுவிட்டு, எதற்கு வந்தோமோ அது இல்லாமல் வெளியே போகிறவர் கோபத்தை யார்மேல் காட்டுவார்? புதிய பாட்டின் மேல்தான்.

இதற்கு மேல் உடை. தோல் ஜாக்கெட், தோட்டா பெல்ட் குழுவில் ராபர்ட்சன் பளபளக்கும் சாட்டின் ஷார்ட்ஸும், பாலே காலணியும், தலைப்பட்டையுமாக வந்து நின்றார். இதைச் சிரித்துவிட்டுத் தள்ளலாம். ஆனால் மோட்டர்ஹெட் ரசிகர்களில் பைக்கர்கள், பங்க் ஆட்கள், டெனிம் போட்ட மெட்டல் பையன்கள் என்று மூன்று கூட்டம் இருந்தது. மூன்றையும் ஒட்டவைத்த பசைகளில் அந்தத் தோற்றமும் ஒன்று. அதை வேண்டுமென்றே கிண்டல் செய்கிறார் என்று பலர் எடுத்துக்கொண்டார்கள்.

மூன்றாவது சிக்கல் அவ்வளவாகப் பேசப்படாதது, ஆனால் இசை பற்றியது. ஸ்டுடியோவில் ராபர்ட்சன் மூன்று நான்கு ஆட்களாக வாசித்திருக்கிறார், மேடையில் ஒருவர். உடைத்த கார்டை வாசித்தால் ஹார்மனி போகும், சோலோவுக்குப் போனால் இரண்டும் போகும். லெம்மியின் பேஸ் அடியைத் தாங்கிப் பிடிக்கிறது, மேல் அடுக்கைத் தாங்க முடியாது. ‘ஐ காட் மைன்’ ஸ்டுடியோப் பதிவையும் மான்செஸ்டர் பதிவையும் அடுத்தடுத்துப் போட்டால், பாட்டின் எலும்பு இரண்டிலும் ஒன்று. மேலே இருந்த மினுமினுப்பு மான்செஸ்டரில் பாதிதான். தின் லிஸியில் இந்தக் கவலை அவருக்கு இருந்ததில்லை, பக்கத்தில் கோரம் இருந்தார்.

நவம்பர் 11 அன்று பெர்லின் மெட்ரோபோல் அரங்கில் நடந்த நிகழ்ச்சியோடு ராபர்ட்சன் கதை முடிந்தது. 1984 தொடக்கத்தில் டெய்லரும் விலகினார். லெம்மி ஆள் தேடியபோது ஒரு கிட்டார்க்காரரை எடுக்கவில்லை, ஃபில் கேம்ப்பெல், வுர்ஸல் என்று இருவரை எடுத்தார். டிரம்ஸுக்கு சாக்ஸன் குழுவிலிருந்து பீட் கில் வந்தார். 1995 வரை மோட்டர்ஹெட் இரண்டு கிட்டார் குழுவாகவே இருந்தது.

பாட்டா, பாட்டு வரிசையா?

குற்றம் பாட்டினுடையதா என்று பார்க்க ஒரு நல்ல சோதனை தற்செயலாக நடந்திருக்கிறது. 2004 டிசம்பரில் ஜெர்மனியின் டுசெல்டோர்ஃபில் நடந்த நிகழ்ச்சி ‘ஸ்டேஜ் ஃப்ரைட்’ என்ற பெயரில் டிவிடியாக வந்தது. அதற்குள் வுர்ஸல் போய், குழு மறுபடி மூவர்: லெம்மி, கேம்ப்பெல், டிரம்ஸில் மிக்கி டீ. அந்த இரவின் நடுவில் ‘ஐ காட் மைன்’ இருக்கிறது, ‘டான்சிங் ஆன் யுவர் கிரேவ்’ இருக்கிறது. கூட்டம் முகம் சுளிக்கவில்லை.

ஒரே கிட்டார்தான் அங்கேயும். ஆக, இரண்டாவது கிட்டார் இல்லாதது குறைதான், ஆனால் கொல்லும் குறை இல்லை. கேம்ப்பெல் அடுக்குகளை மறந்துவிட்டுத் தடிமனான ஒரு ரிதமாகப் பாட்டைச் சுருக்கி வாசிக்கிறார், பாட்டு நிற்கிறது. 1983-க்கும் 2004-க்கும் நடுவே உண்மையில் மாறியது ஒன்றுதான்: நிகழ்ச்சியின் கடைசியில் ‘ஏஸ் ஆஃப் ஸ்பேட்ஸ்’, ‘ஓவர்கில்’ இரண்டும் காத்திருந்தன. அவை வரும் என்று தெரிந்தால் இதைக் கேட்கப் பொறுமை தானாக வரும்.

வாசித்துப் பார்க்க நினைப்பவருக்கு

இந்த ஆல்பத்தின் ஒலியை மூன்று பேர் கொண்ட குழுவில் கொண்டுவர முயல்பவர்கள் முதலில் தடுக்கி விழுவது கிட்டாரில். மோட்டர்ஹெட் என்றதும் கெயினை (ஒலி எவ்வளவு உடைய வேண்டும் என்பதற்கான குமிழ்) முழுக்க ஏற்றுவார்கள். இங்கே அது கூடாது. பேஸ்தான் டிஸ்டார்ஷனைச் சுமக்கிறது. கிட்டாரும் அதே அளவு போனால் உடைத்த கார்டின் சுரங்கள் ஒன்றோடொன்று குழம்பிவிடும். கெயினைப் பாதிக்குக் கொண்டுவந்து, கோரஸை மெதுவான வேகத்தில், குறைந்த ஆழத்தில் வைத்தால் போதும். ஆழத்தைக் கூட்டினால் சுருதி ஆடுவதுபோல் கேட்கும்.

பேஸில் பிரிட்ஜ் பக்கத்துப் பிக்அப், கெட்டியான பிக். சுரத்தோடு அதன் ஐந்தாவதையும் (பஞ்சமம்) சேர்த்து இரண்டு கம்பியாக அடிக்க வேண்டும். ஆம்பில் மிடில் முழுக்கத் திறந்து, பேஸ் குமிழைக் குறைக்க வேண்டும். முழுக்க மூடுவது லெம்மிக்குச் சரி. அவருக்குப் பின்னால் 15 அங்குல ஸ்பீக்கர்கள் அடுக்கியிருந்தன. ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் உள்ள சின்ன காம்போவில் முழுக்க மூடினால் குழுவில் அடித்தளமே காணாமல் போகும், கால் அளவாவது விட்டுவைக்க வேண்டும். வா-வாவை ஆட்டாமல் நிறுத்தும் இடம் பெடலின் நடுவுக்குச் சற்று முன்னால். கால் நகர்ந்தால் சோலோ நடுவிலேயே ஒலி மாறிவிடும் என்பதால் நிற்கும் நிலையை முன்கூட்டியே பழகிக்கொள்வது நல்லது.

டிரம்மருக்கு ஒன்றே ஒன்று: ‘டான்சிங் ஆன் யுவர் கிரேவ்’வில் வேகத்தைக் கூட்டாதீர்கள். கை தானாக ஓடும். ஓடினால் முகப்பின் கிட்டார் மூச்சு முட்டும்.

எந்தப் பதிப்பு

தட்டை முதல் முறை கேட்பவர் 2006 டீலக்ஸ் பதிப்பை எடுக்கலாம். ‘ஐ காட் மைன்’ சிங்கிளின் மறுபக்கமான ‘டர்ன் யூ ரவுண்ட் அகெய்ன்’ அதில் இருக்கிறது, மான்செஸ்டரும் இருக்கிறது. 2023-இல் வந்த 40-ஆம் ஆண்டுப் பதிப்பில் ஆல்பத்துக்கு முந்தைய டெமோக்களும், அதே சுற்றுப்பயணத்தில் ஹல் நகரில் நடந்த நிகழ்ச்சியும் சேர்ந்திருக்கின்றன. அடுக்குகள் ஏறுவதற்கு முன் பாட்டு எப்படி இருந்தது என்று பார்க்க டெமோக்கள்தான் வழி. பழைய வினைல் கையில் கிடைத்தால் ஜோ பெட்டாக்னோ வரைந்த அட்டைக்காகவே வாங்கலாம். அவர் உருவாக்கிய, குழுவின் சின்னமான ஸ்னாகிள்டூத் முகம் இதில் வண்ணங்கள் சிதறித் தெறிக்கும் வெறியோடு இருக்கிறது. 12 அங்குல அளவில்தான் அது எடுபடும்.

கேட்கும் வரிசையை மாற்றிக்கொள்வதிலும் தவறில்லை. ‘ஐ காட் மைன்’, ‘டான்சிங் ஆன் யுவர் கிரேவ்’, ‘பேக் அட் த ஃபன்னி ஃபார்ம்’, தலைப்புப் பாட்டு என்று நான்கை முதலில் கேட்டுவிட்டு முழுத் தட்டுக்குப் போகலாம். ‘ஒன் ட்ராக் மைண்ட்’டைக் கடைசிக்குத் தள்ளிவைத்தால், அதன் சோலோ ஏன் அவ்வளவு தூரம் ஓடுகிறது என்பதற்குக் காது அதற்குள் பழகியிருக்கும்.